மூன்று மில்லிமீட்டருக்குத் தலைப்பு இல்லை

பிளாஸ்டிக் சர்ஜரி படிக்கிற டாக்டர்கள் மூன்றாம் வருடக் கடைசியில் பரீட்சை எழுத வேண்டுமானால், அதற்குள் பத்து அழகியல் அறுவைகளைத் தங்கள் கையால் செய்திருக்க வேண்டும் என்பது விதி. செய்ததைப் பதிவேட்டின் பதினான்காம் பத்தியில் எழுதி, துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இந்த விதியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நம் மூக்கில் கத்தி வைக்கிறவர் அதற்கு முன்னால் வேறு பத்து மூக்கையாவது பார்த்திருக்க வேண்டும் என்றுதான் நாம் எல்லாரும் ஆசைப்படுவோம்.

அந்தப் பெரிய அரசு மருத்துவமனையில் இன்னொரு விதியும் இருந்தது. அழகின்மை நோயன்று, நோயல்லாத ஒன்றுக்கு அரசு மருத்துவமனையில் அறுவை செய்தல் கூடாது. இதிலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டு விதிகளும் ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில், ஒரே இரும்பு அலமாரிக்குள் இருபத்திரண்டு வருடமாகச் சண்டை சச்சரவில்லாமல் குடியிருந்தன. அவற்றைச் சமாதானமாக வைத்திருந்தது மாணவர்களின் கற்பனை வளம். பதினான்காம் பத்தியை ஒவ்வொருவரும் தத்தம் திறமைக்கேற்ப எழுதி நிரப்பினார்கள். ஒருவர் ஒரே செவ்வாய்க்கிழமையில் நான்கு மூக்கும் இரண்டு வயிறும் முடித்திருந்தார். அன்று அரசு விடுமுறை.

வார்டில் தையல்காரி என்று எல்லாரும் கூப்பிட்ட பெண்ணும் மூன்றாம் வருடத்தில்தான் இருந்தாள். நர்சுகள் வைத்த பெயர் அது. மிஷினில் மாட்டிய விரல், நாய் கடித்த உதடு, கொதிக்கிற எண்ணெய் பட்ட கழுத்து என்று எது வந்தாலும் அவள் தைத்தால் தையல் தெரியாது. அதுவரை அறுநூற்றுச் சொச்சம் பேரைத் தைத்திருந்தாள். பதினான்காம் பத்தி மட்டும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பரீட்சைக்கு எட்டு மாதம் இருந்தது.

அவளும் மற்றவர்கள் மாதிரி ஒரு சாயங்காலம் பேனாவைத் திறந்து உட்கார்ந்து பத்து மூக்கை எழுதி முடித்திருப்பாள். அதற்குக் குறுக்கே வந்து நின்றது ஒரு மூக்கு. துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் மூக்கு. மூன்று வருடச் சேமிப்பைக் கொடுத்து ஒரு தனியார் மருத்துவமனையில் மூக்கை எடுப்பாக்கிக்கொள்ளப் போனவள், ஒரு பக்கத்து நாசி மூடிப்போய், வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தாள். அவளுக்கு அறுவை செய்தவர் போன வருடம்தான் இதே வார்டில் படித்துவிட்டுப் போன சீனியர்.

தையல்காரி நாலு மணி நேரம் நின்று அந்த மூக்கைச் சரி செய்தாள். கட்டுப் பிரிக்கிற அன்று அந்தப் பெண் கேட்டாள்.

"அந்த டாக்டர் இதுக்கு முன்னாடி யாருக்குமே பண்ணினதில்லையா மேடம்?"

"பத்துப் பேருக்குப் பண்ணியிருக்கார்" என்றாள் தையல்காரி. பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது.

"அந்தப் பத்துப் பேரும் எங்க இருக்காங்க? நான் ஒரு தடவை பார்க்கணும்."

தையல்காரி பஞ்சை எடுத்து மூக்கைத் துடைத்துவிட்டாள். இந்த நாலு மணி நேர வேலையாவது பதினான்காம் பத்தியில் ஏறுமா என்று துறைத் தலைவரிடம் கேட்டுப் பார்த்தாள். வார்டில் அவரைப் பெரியவர் என்பார்கள். நல்ல மனிதர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்ததால் எல்லாவற்றிலும் நல்லதையே பார்க்கிறவர்.

"ஏறாதும்மா. மூச்சு அடைச்சிருந்தது இல்லையா, அது நோய். கெட்டுப்போகாம வந்திருந்தா அழகு."

"கெட்டுப்போகாம இருந்தா ஏன் சார் வரப்போறா?"

"அதான்" என்றார் பெரியவர், தன் கட்சிக்கு ஆதாரம் கிடைத்த மாதிரி.

அன்றைக்கே அவள் இயக்குநருக்கு மனு எழுதினாள். இளநிலை அறுவை மருத்துவர்களுக்கான அழகியல் அறுவைப் பயிற்சியை மேம்படுத்தக் கோருதல் என்பது பொருள். அலுவலக சூப்பிரண்டு அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மேம்படுத்தணும்னு எழுதியிருக்கீங்க. மேம்படுத்தணும்னா முதல்ல ஒண்ணு இருக்கணும் இல்லையா? இல்லாததை எப்படிம்மா மேம்படுத்தறது?"

"அப்ப தொடங்கணும்னு எழுதட்டுமா சார்?"

"தொடங்கணும்னா இதுவரைக்கும் இல்லேன்னு ஆயிடும். இருபத்திரண்டு வருஷமா ஆளுக்குப் பத்துன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கோம். அது என்ன ஆகும்?"

"என்ன ஆகும் சார்?"

சூப்பிரண்டு அந்தக் காட்சியைக் கொஞ்ச நேரம் மனக்கண்ணில் பார்த்தார். "மேம்படுத்தணும்னே இருக்கட்டும்" என்று சொல்லி முத்திரை குத்தினார்.

ஐந்தே வாரத்தில் குழு அமைந்தது. தலைவர் இயக்குநர். உறுப்பினர்கள் சட்ட அலுவலர், கொள்முதல் அலுவலர், பெரியவர், சூப்பிரண்டு. தையல்காரி சிறப்பு அழைப்பாளர். உறுப்பினர்களுக்கு நாற்காலியும் டீயும் உண்டு. சிறப்பு அழைப்பாளருக்கு நாற்காலி உண்டு.

முதல் கூட்டத்தில் தனியார் மருத்துவமனை ஒன்றின் உதவியைப் பெறுவது என்று முடிவானது. பஸ்களின் பின்பக்கத்தில் சிரித்துக்கொண்டு போகும் ஒரு பிரபல டாக்டர் பெருந்தன்மையோடு இடம் கொடுத்தார். அவரிடம் வருகிறவர்களுக்குத் தங்கள் முகம் வெளியாள் கண்ணில் படக் கூடாது. ஆகையால் மாணவர்கள் பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் நிற்க அனுமதிக்கப்பட்டார்கள். தையல்காரி ஆறு புதன்கிழமை நின்றாள். கத்திரி தட்டில் விழும் சத்தமும், உறிஞ்சுகுழாய் சத்தமும், நீச்சல் குளம் கட்டும் மேஸ்திரியிடம் டாக்டர் போனில் பேசுவதும் கேட்டன. குழுவின் அறிக்கையில் இது செவிவழிப் பயிற்சி என்று இடம்பெற்றது. ஆறாவது வாரத்துக்குள் குளத்துக்கு எந்த ஓடு பதிக்கலாம் என்பதில் அவளுக்கு நல்ல தேர்ச்சி வந்திருந்தது.

இரண்டாம் கூட்டத்தில், வெட்டித் தைத்துப் பழகுவதற்காக சிலிக்கானில் செய்த மனிதத் தலை ஒன்றை வாங்குவது என்று முடிவானது. கொள்முதல் அலுவலர் கண்டிப்பானவர். டெண்டரில் 'தலை உயர்ந்த தரத்தில், எவ்விதக் குறைபாடும் இன்றி இருக்க வேண்டும்' என்று எழுதினார். அப்படியே வந்தது. அப்படி ஒரு மூக்கு, அப்படி ஒரு தாடை. குழு மேஜையைச் சுற்றி நின்று பார்த்தது.

"இதுல சரி பண்ண ஒண்ணுமே இல்லையே சார்" என்றாள் தையல்காரி.

"அதுதாம்மா தரம்" என்றார் கொள்முதல் அலுவலர்.

"வெட்டலாமா?"

இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருளை வெட்டினால் அரசு உடைமைக்குச் சேதம் விளைவித்த குற்றம் என்பதைச் சட்ட அலுவலர் கோபப்படாமல் விளக்கினார். தலை இயக்குநர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது. மாணவர்கள் வெள்ளிக்கிழமை மூன்றிலிருந்து நாலுக்குள் வந்து பார்த்துப் பழகலாம்.

பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது மூன்றாவது கூட்டம் கூடியது. இதற்குள் தையல்காரிக்கும் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது.

"சார், உயிரோட ஒரு ஆள் வேணும்" என்றாள்.

அந்த வார்த்தையில் இருந்த நியாயம் குழுவைத் தொட்டது. பொதுமக்களுக்கு இலவச அழகியல் அறுவைப் பிரிவு தொடங்கலாம் என்று இயக்குநர் அறிவித்தார். தகுதியில்லாதவர்கள் உள்ளே புகுந்துவிடாதபடி சட்ட அலுவலர் ஒரு விண்ணப்பப் படிவம் தயாரித்தார். பதினொரு பக்கம். நாலாவது பக்கத்தில், விண்ணப்பதாரர் அழகற்றவர் என்று அவரை நேரில் அறிந்த பொறுப்புள்ள அலுவலர் ஒருவர் சான்றளிக்க வேண்டும்.

படிவத்தை இருநூறு பேர் வாங்கிப் போனார்கள். திரும்பி வந்தது ஒன்று. வரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் தன் மனைவிக்குத் தானே சான்றளித்து, முத்திரையும் வைத்து அனுப்பியிருந்தார். மறுநாளே அந்த மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டார். அதிலிருந்து அவர் அலுவலகத்தில்தான் சாப்பிடுகிறார், அலுவலகத்தில்தான் தூங்குகிறார் என்று கேள்வி.

தையல்காரி தன் சித்தி வீட்டில் தங்கித்தான் படித்துக்கொண்டிருந்தாள். சித்தி கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஐம்பது வயதுக்கு மேல் அவளுக்கு இரண்டு மேலிமையும் தொய்ந்து இறங்கிவிட்டன. எதிரே இருப்பதைப் பார்க்க மோவாயைத் தூக்க வேண்டும். தூக்கினால் அக்கம்பக்கத்தார் தலைக்கனம் என்றார்கள். தூக்காவிட்டால் தூங்குகிறாள் என்றார்கள். குடும்பத்துப் போட்டோ எல்லாவற்றிலும், நடுவில் யாரோ தூங்குகிறவளைக் கொண்டுவந்து உட்கார வைத்த மாதிரி இருந்தாள்.

தையல்காரி புலம்புவதைக் கேட்டுவிட்டு, "எந்தப் பக்கம் கையெழுத்துப் போடணும்?" என்றாள் சித்தி.

"சித்தி, அதுல நீ அழகில்லேன்னு ஒருத்தர் எழுதித் தரணும்."

"உங்க சித்தப்பா முப்பது வருஷமா வாயால சொல்றதை ஒரு தடவை எழுதிக் கொடுக்கட்டுமே."

சித்தப்பா மின்வாரியத்தில் பொறுப்புள்ள அலுவலர்தான். ஆனால் அவர் பேனாவைப் பிடித்த கையில் சித்தியின் பார்வை விழுந்ததும், "என் மனசாட்சி இடம் கொடுக்கலை" என்று எழுந்து போய்விட்டார். இவ்வளவு நல்ல வார்த்தையை அவர் அதற்கு முன் அவளிடம் பேசியதில்லை. கடைசியில், பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் அவளோடு பேசாமல் இருந்த தலைமையாசிரியை மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

குழுவின் முன்னிலையில் சித்தியைத் தையல்காரி நாற்காலியில் உட்காரவைத்து, சிறிய ஸ்கேலைக் கண்ணருகே பிடித்து அளந்தாள்.

"மூணு மில்லிமீட்டர் இறங்கியிருக்கு சார். ரெண்டு பக்கமும்."

சட்ட அலுவலர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முன்னும் புரட்டினார், பின்னும் புரட்டினார்.

"நாலும் அதுக்கு மேலயும் போனா பார்வையை மறைக்கும். அது நோய். கண் பிரிவுக்கு அனுப்பணும், உங்களுக்குச் சேராது. ரெண்டும் அதுக்குக் கீழயும் இருந்தா அழகு. அது உங்களுக்கு. மூணுக்குத் தலைப்பு இல்லை."

"தலைப்பு இல்லேன்னா?" என்றாள் சித்தி.

"விதிப்படி உங்களுக்கு இமை தொங்கலை."

சித்தி மோவாயைத் தூக்கி அவரை நன்றாகப் பார்த்தாள். "தொங்காததை இப்ப ஸ்கேல் வெச்சு அளந்தாளே, அது என்ன?"

"நான் அளவை மறுக்கலைம்மா. இன்னும் ஒரு மில்லிமீட்டர் இறங்கினா வாங்க. இல்லே, ஒரு மில்லிமீட்டர் ஏறினா வாங்க."

"ஏறினா நான் ஏன் வரேன்?"

"அது உங்க சௌகரியம்."

முப்பத்திரண்டு வருடம் பின்பெஞ்சைப் பார்த்தே பழகிய குரலில், அவசரமே இல்லாமல், சித்தி சொன்னாள். "தம்பி, நீங்க கண்ணாடி பார்த்து எத்தனை நாளாச்சு? என்னோடது மூணுன்னா உங்களோடது மூணேகால். நான் உள்ள வந்ததிலேருந்து நீங்க தூங்கறீங்கன்னுதான் நெனச்சேன். பேசினப்புறம்தான் முழிச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சுது. நடுவுல உட்கார்ந்திருக்கறவர் பேசவே இல்லை. அதனால அவரைப் பத்தி இன்னும் தெரியலை."

நடுவில் உட்கார்ந்திருந்தவர் இயக்குநர்.

கூட்டம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. சித்தி வெளியேறிய கையோடு சட்ட அலுவலர் கைகழுவும் இடத்துக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. பிறகு கொள்முதல் அலுவலர் போனார். பிறகு சூப்பிரண்டு போனார். அங்கே இருந்த ரசம் போன கண்ணாடிக்கு முன்னால் அவ்வளவு பொறுப்புள்ள அலுவலர்கள் வரிசையில் நின்றது அதுவே முதல் தடவை. வருடக்கணக்காகக் கோப்பின் மேல் குனிந்தே இருந்ததில் எல்லாருக்கும் இமை கொஞ்சம் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

ஒன்பது நாளில் திருத்த ஆணை வந்தது. அதன் சாரம் இது. பொதுமக்களை நேரில் சந்திக்கும் அலுவலர்களின் தொய்ந்த இமை, அரசு தூங்குவது போன்ற தோற்றத்தை உண்டாக்குகிறது. அதைச் சரிசெய்வது நோய்க்கான சிகிச்சையும் அன்று, அழகுக்கான சிகிச்சையும் அன்று. அது நிர்வாகத் தேவை. எனினும் பயிற்சியின் நலன் கருதி அதைப் பதினான்காம் பத்தியில் எழுதிக்கொள்ளலாம். முதல் கட்டமாகக் குழு உறுப்பினர்கள் ஐவரும் இளநிலை மருத்துவர்களின் பயிற்சிக்காகத் தங்களையே அர்ப்பணிக்க முன்வந்துள்ளனர்.

ஐந்து பேர். ஆளுக்கு இரண்டு இமை. பத்து.

தையல்காரி அதை விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, பெரியவரிடம் போய், "இமைக்கு ஒண்ணுன்னு எண்ணலாமா சார், இல்லே ஆளுக்கு ஒண்ணுதானா?" என்று கேட்டாள்.

"ரெண்டு கண்ணும் தனித்தனி கண்தானேம்மா" என்றார் பெரியவர். எல்லாவற்றிலும் நல்லதைப் பார்க்கிறவர்.

வியாழக்கிழமை அறுவை அரங்கு இதற்கு ஒதுக்கப்பட்டது. அது தீக்காயக்காரர்களின் நாள். வெல்டிங் பட்டறையில் கை வெந்து, நாலு விரலும் ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஒருவர் ஏழு வாரமாக அந்த நாளுக்குக் காத்திருந்தார்.

"எனக்கு எப்பங்க?" என்று அவர் சூப்பிரண்டிடம் கேட்டார்.

"உங்களுது நோய் ஐயா. நோய்க்கு நாள் தள்ளினாலும் அது நோயாவே இருக்கும், தலைப்பு மாறாது. கவலைப்படாதீங்க."

சூப்பிரண்டுக்கு முதல் வியாழனில் முடிந்தது. கொள்முதல் அலுவலருக்கு அடுத்த வாரம். மரத்துப்போக ஊசி போட்டு, ஆள் விழித்திருக்கும்போதே செய்கிற வேலை இது. நடுநடுவே கண்ணைத் திறக்கச் சொல்லி அளவு பார்க்க வேண்டும். தையல்காரி முதல் கோட்டை மூன்று தடவை அளந்த பிறகுதான் கத்தியை வைத்தாள். அறுநூறு பேரைத் தைத்த கைதான். ஆனால் கெட்டதைச் சரியாக்குவது வேறு, சரியாக இருப்பதைக் கெடுக்காமல் விடுவது வேறு என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. இதற்காகத்தான் பத்து வேண்டும் என்று விதி எழுதினவர் எழுதியிருக்கிறார். அவர் நல்ல மனிதராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சட்ட அலுவலரிடம் எட்டுப் பக்கச் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அதை எழுதியவரும் அவர்தான். பெரியவருக்குச் செய்தபோது மேற்பார்வைக்கு வேறு தகுதியான ஆள் இல்லை. ஆகவே அவர் படுத்தபடியே கையில் ஒரு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, தன் அறுவையைத் தானே மேற்பார்வை செய்தார். "நல்லா வருதும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

எட்டு ஆயிற்று. மீதி இரண்டும் இயக்குநருடையவை.

அவருக்கு உண்மையில் ஒன்றரை மில்லிமீட்டர்தான் இறங்கியிருந்தது. ஆனால் அறுவைக்கு முதல் நாள் ஒரு சுற்றறிக்கை வந்தது. எந்த அலுவலரின் கண்ணும் அவருடைய மேலதிகாரியின் கண்ணைவிட அகலமாகத் திறந்திருத்தல் கூடாது. அதன்படி இயக்குநருக்கு நாலு மில்லிமீட்டர் உயர்த்த அனுமதி வழங்கப்படுகிறது. அனுமதி வழங்கியவரும் இயக்குநர்.

"சார், நாலு தூக்கினா கண்ணு மூடாது" என்றாள் தையல்காரி. அவர் மேஜையில் மல்லாந்து படுத்திருந்தார்.

"ஆணை கோப்பில இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன?"

"கோப்பு மூடிடும் சார். கண்ணு மூடாது."

முகக் கவசத்துக்கு மேலே தெரிந்த பெரியவரின் கண்கள், புதிதாக விரிந்திருந்ததால் கொஞ்சம் அதிகமாகவே, அவளைப் பார்த்தன. "நடுவுல வையேன்மா" என்று காதோரம் சொன்னார். "மூணு வை."

தையல்காரி ஊசியைப் பிடித்தபடி நின்றாள். ஒன்றரைதான் சரி என்பது அவளுக்குத் தெரியும். பரீட்சைக்கு ஐந்து வாரம் என்பதும் தெரியும். பதிவேட்டில் ஒன்பதாவது வரியும் பத்தாவது வரியும் காலியாக இருப்பதும், அதில் போட வேண்டிய கையெழுத்து பக்கத்தில் கவசம் போட்டு நிற்பதும் தெரியும். துணிக்கடைப் பெண்ணின் ஞாபகம்கூட வந்தது. அவள் மூன்று வைத்தாள்.

வீக்கம் வடிந்ததும் இயக்குநரின் கண்கள் அகலமாக, தெளிவாக, எதையும் தவறவிடாதவை போல இருந்தன. தையல் பிரிக்கும்போது அவள் உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"சார், தூங்கும்போது கண்ணு முழுசா மூடாது. கொஞ்சம் திறந்தே இருக்கும். காயாம இருக்க மருந்து போட்டுக்கணும். விரும்பினா ஒரு சின்ன அறுவையில தளர்த்திடலாம், தப்பு என்னோடது."

"திறந்திருந்தா பார்க்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முழிச்சிருக்கற மாதிரி தெரியும் சார்."

இயக்குநர் சற்று யோசித்தார். "அலுவலக நேரத்திலயும் அப்படித்தானா?"

"எந்த நேரத்திலயும் அப்படித்தான் சார்."

"தளர்த்த வேண்டாம்" என்றார் இயக்குநர். அறுவை முழுத் திருப்தி அளித்ததாக அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் மாநில அளவிலான ஆய்வுக் கூட்டத்தில் அவர் ஐந்து மணி நேரம் கண் அசராமல் உட்கார்ந்திருந்ததாகச் செய்தி பரவியது. மற்றத் துறைகளிலிருந்து அதிகாரிகள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, விலாசம் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். அதற்குக் கவனக்கண் என்று யாரோ பெயர் வைத்தார்கள். சூப்பிரண்டும் சட்ட அலுவலரும் தங்களுக்கு அளவு போதவில்லை என்று இரண்டாம் முறை வந்து படுத்தார்கள். வட்டாட்சியர்கள், பதிவாளர்கள், பள்ளி ஆய்வாளர்கள், இரண்டு நீதிமன்ற அலுவலர்கள் வந்தார்கள். மூன்றுதான் வேண்டும், குறைத்து வைத்தால் மேலே எழுதுவோம் என்றார்கள். மூன்றுக்கு அவசர அவசரமாக ஒரு தலைப்பும் உண்டாக்கப்பட்டது. தையல்காரிக்கு அடுத்து இருந்த இளநிலை மருத்துவர்களுக்கு ஆளுக்கு நாற்பது, ஐம்பது என்று குவிந்தது. பயிற்சி மேம்பட்டுவிட்டது. யாரும் இனி அதை மறுக்க முடியாது. பதினான்காம் பத்தியில் இடம் போதாமல் தாள் ஒட்டினார்கள்.

தையல்காரி பரீட்சையில் தேறினாள். பரீட்சை நடத்த வந்த வெளியூர்ப் பேராசிரியர் அவள் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கேள்வி எதுவும் கேட்காமல், தனக்கு எத்தனை மில்லிமீட்டர் தேவைப்படும் என்று மட்டும் கேட்டார். அதே மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்தது. முதல் வேலையாக, வெல்டரின் விரல்களை ஒரு திங்கட்கிழமை, மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் அரங்கைக் கேட்டு வாங்கிப் பிரித்துவிட்டாள். இரண்டு விரல் நன்றாக மடங்குகின்றன. மற்ற இரண்டுக்கும் நாள் கடந்துவிட்டிருந்தது.

"பரவாயில்லைங்க" என்றார் வெல்டர். அவர் பரவாயில்லை என்று சொன்னது அவளுக்குப் பல நாள் கேட்டுக்கொண்டே இருந்தது.

சித்திக்கு மட்டும் இன்னும் ஆகவில்லை. மூன்றுக்குத் தலைப்பு வந்துவிட்டது என்றாலும் அது பொதுமக்களைச் சந்திப்பவர்களுக்கு. சித்தியோ பொதுமக்கள்.

"பேசாம வா சித்தி, வேற எங்கயாவது வெச்சு நானே பண்ணிவிடறேன். சரியான அளவு வெச்சுப் பண்றேன்" என்றாள் தையல்காரி.

"உனக்குச் சித்தியா இருக்கறதால எனக்கு மட்டும் பண்ணிக்கணுமா? அது என்ன நியாயம்? எனக்கு ஆர்டர் வேணும். நான் நேராப் போய்க் கேட்கறேன். அந்தச் சட்டக்காரனைக் கேட்ட மாதிரி இந்த இயக்குநரையும் நாலு கேள்வி கேட்கறேன்."

மனு நாள் செவ்வாய்க்கிழமை. சித்தி முதல் நாளே கேள்விகளை நம்பர் போட்டு எழுதிவைத்துக்கொண்டாள். பதினேழு கேள்வி. காலை பத்து மணிக்குப் போனவள் மத்தியானம் திரும்பினாள். தையல்காரி அன்று வீட்டில் இருந்தாள். சித்தி பையை மாட்டிவிட்டு, ஃபேனைப் போட்டுவிட்டு, நிதானமாக உட்கார்ந்தாள். முகத்தில் கோபத்தின் அடையாளமே இல்லை.

"என்ன ஆச்சு சித்தி?"

"நாமதான் தப்பா நெனச்சுட்டோம்டீ. தங்கமான மனுஷன்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. கேட்டார். பதினேழு கேள்வியையும் கேட்டார். ஒரு இடத்துல குறுக்கே பேசலை. போனை எடுக்கலை. கடிகாரத்தைப் பார்க்கலை. என் மூஞ்சியையே பார்த்துட்டிருந்தார். முக்கால் மணி நேரம். எனக்கே கூச்சமாப் போச்சு. அப்புறம் கேள்வியை விட்டுட்டு, பென்ஷன்ல பண்ணின குளறுபடி, தெருவிளக்கு எரியாதது, உங்க சித்தப்பா என்னைச் சரியாக் கவனிக்காதது எல்லாத்தையும் சொன்னேன். அதையும் கேட்டார்."

தையல்காரி கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சித்தி, அவர் கண்ணை இமைச்சாரா?"

சித்தி நினைத்துப் பார்த்தாள். "இமைக்கவே இல்லைடீ. அவ்வளவு கவனம்."

"ஆர்டர்?"

"அதை நான் கேட்க மறந்துட்டேன். கேட்டிருந்தா கொடுத்திருப்பார்."

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தையல்காரிக்கு ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் அளவு விஷயத்தில் ஒரு தடவை விட்டுக்கொடுத்தது போதும் என்று நினைத்தாள்.

"சித்தி, அவர் தூங்கிட்டிருந்தார். அது நான் வெச்ச தையல். கண்ணு மூடாது. நீ பேசின முக்கால் மணி நேரமும் அவர் நல்லாத் தூங்கியிருக்கார்."

சித்தி ஃபேன் சுற்றுவதை மோவாயைத் தூக்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரி ஒரு பெரிய சத்தத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"தூங்கினா தூங்கட்டும்டீ" என்றாள் சித்தி கடைசியில். "முழிச்சிட்டிருந்தவங்க யாரும் இதுவரைக்கும் என்னை அப்படிப் பார்த்ததில்லை."